முகவரி கிடைக்காத இருபது பேர்

வைஃபையின் கடவுச்சொல் சரியாக இருக்கும். அலையின் வலிமையைக் காட்டும் கோடுகள் நிறைந்திருக்கும். ஆனாலும் கைபேசித் திரையில் 'ஐபி முகவரி பெறப்படுகிறது' என்ற வரி தோன்றி, அரை நிமிடம் நின்று, மறைந்து, மறுபடியும் தோன்றும். விடுதியிலும் நூலகத்திலும் கருத்தரங்கக் கூடத்திலும் இந்த வரியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திராத ஆய்வு மாணவர் அரிது. பக்கத்தில் இருப்பவரின் கைபேசி அதே வேளையில் நன்றாக இயங்கிக்கொண்டிருக்கும். ஆகவே தீர்ப்பு உடனே வந்துவிடும்: "உன் போன்லதான் ஏதோ கோளாறு."

கோலார் தங்கவயலில் ஒரு படிப்பகத்தில் இந்தத் தீர்ப்பு மூன்று வாரம் நிலைத்திருந்தது. அது தவறு என்று கண்டறியப்பட்ட விதம், கணினி வலையமைப்பைப் பற்றியும் பதிவேடுகளைப் பற்றியும் சிலவற்றைச் சொல்கிறது.

தங்கவயல் 1902இலேயே மின்சாரம் கண்ட ஊர். சிவனசமுத்திரத்திலிருந்து ஏறத்தாழ 147 கிலோமீட்டர் நீளக் கம்பியில் மின்சாரம் முதலில் இந்தச் சுரங்கங்களுக்குத்தான் வந்தது. பெங்களூரின் தெருவிளக்குகள் எரிந்தது அதற்குப் பிறகு. இன்று நிலைமை தலைகீழ். 2001 பிப்ரவரி 28இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்ட பின், வேலை என்றால் பெங்களூர் என்றாகிவிட்டது. மாரிக்குப்பத்திலிருந்து பங்காரப்பேட்டை வழியாகச் செல்லும் ரயில்களில் ஆயிரக்கணக்கானோர் விடியலில் புறப்பட்டு இரவில் திரும்புகிறார்கள். போகவர நாளொன்றுக்கு நான்கு மணி நேரத்துக்கு மேல் ரயிலிலேயே கழிகிறது. அரசுத் தேர்வுக்குப் படிக்க விரும்புகிறவர்களுக்கு எஞ்சுவது இரவின் இரண்டு மணி நேரம்.

அந்த இரண்டு மணி நேரத்துக்காகவே படிப்பகம் இரவு பத்து வரை திறந்திருந்தது. காலையில் பள்ளி, கல்லூரி மாணவர் வருவர். மாலை ஆறு மணிக்கு உள்ளூரிலேயே இருப்பவர்கள் வருவர். எட்டு மணிக்கு மேல் ரயிலிலிருந்து இறங்கியவர்கள் வருவர். கூடத்தைப் பார்த்துக்கொள்பவர் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்ந்த முதியவர். எல்லோருக்கும் அவர் தாத்தா. சுவரோரத்தில் ஒரு ரூட்டர். நன்கொடையாளர் ஒருவர் வாங்கித் தந்தது. பெட்டியிலிருந்து எடுத்துப் பொருத்தப்பட்ட நிலையிலேயே ஓடிக்கொண்டிருந்தது.

சிக்கல் தொடங்கியபோது ஒரு விந்தையான ஒழுங்கு தென்பட்டது. ஏறத்தாழ இருபது பேருக்கு மட்டுமே இணைப்பு கிடைப்பதில்லை. அதுவும் நாள்தோறும் அதே இருபது பேருக்கு. அவர்களில் பலர் வைத்திருந்தவை விலை குறைந்த பழைய கைபேசிகள். காரணம் தெளிவாகிவிட்டது போலத் தோன்றியது. சிலர் கைபேசியைத் தொழிற்சாலை நிலைக்கு மீட்டமைத்தார்கள். ஒருவர் கடனுக்குப் புதுக் கைபேசியே வாங்கினார். புதியதிலும் அதே வரிதான் ஓடியது.

கைபேசியையே குற்றம் சொன்னவர்கள் கவனிக்கத் தவறிய செய்தி ஒன்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அதே பழைய கைபேசிகள் அதே கூடத்தில் தடையின்றி இணைந்தன.

ஒரு வியாழக்கிழமை இரவு, பெங்களூரில் வலையமைப்புப் பராமரிப்பு வேலை பார்க்கும் உள்ளூர் இளைஞர் ஒருவரைத் தாத்தா அழைத்து வந்தார். அவர் வந்த வேளையில் இருபது பேரில் ஒருவரான ஓர் இளம்பெண் தேர்வு விண்ணப்பம் ஒன்றை அனுப்ப முயன்றுகொண்டிருந்தார். கடைசி நாள் அதுவே. நள்ளிரவுடன் இணையதளம் மூடிவிடும். அன்றைய கைபேசித் தரவு ரயிலிலேயே தீர்ந்துவிட்டிருந்தது.

இளைஞர் முதலில் கைபேசியைக் கையில் வாங்கவில்லை, கேள்விகளைத்தான் கேட்டார். ஒருவருக்கு மட்டுமா, பலருக்கா? எல்லா நேரமுமா, சில நேரமா? ஒருமுறை கிடைத்தது மறுமுறை கிடைக்காமல் போகிறதா? கடவுச்சொல் மறுக்கப்படுகிறதா, அல்லது ஏற்கப்பட்ட பிறகு நிற்கிறதா?

கடைசிக் கேள்வி முதன்மையானது. வைஃபையில் இணைவது ஒரே செயல் போலத் தோன்றினாலும் அதில் பல படிகள் உண்டு. முதலில் கைபேசி அலைவழியாக ரூட்டருடன் சேர்கிறது. அடுத்து இரு தரப்பும் ஒரே கடவுச்சொல்லை அறிந்திருப்பதை நான்கு செய்திகளால் உறுதி செய்துகொள்கின்றன. அதற்குப் பின்னரே ஐபி முகவரி கேட்கும் படி வருகிறது. 'முகவரி பெறப்படுகிறது' என்ற வரியே முந்தைய படிகள் நல்லபடி முடிந்தன என்பதற்குச் சான்று. கடவுச்சொல்லை மீண்டும் மீண்டும் தட்டுவதில் பயனில்லை. கோளாறு இருக்கும் இடம் அதைத் தாண்டிவிட்டது.

முகவரி கேட்கும் முறைக்கு டிஎச்சிபி என்று பெயர். ரால்ஃப் ட்ரோம்ஸ் எழுதிய அதன் இன்றைய வரையறை 1997 மார்ச்சில் வெளியானது. மொழியியல் படிப்பவர்க்கு அது ஒரு சிறிய உரையாடலாகவே தோன்றும். நான்கே கூற்றுகள். 'முகவரி தருவோர் யாரேனும் உண்டா?' என்று கைபேசி கேட்கிறது. 'இந்த முகவரி இருக்கிறது' என்று ரூட்டரில் உள்ள வழங்கி சொல்கிறது. 'அதையே எனக்குத் தருக' என்று கைபேசி வேண்டுகிறது. 'தந்தேன், இத்தனை மணி நேரத்துக்கு' என்று வழங்கி முடிக்கிறது. முதற்கூற்றை எழுப்பும் கைபேசிக்கு இன்னும் முகவரி இல்லை. ஆகவே அது தன்னை 0.0.0.0 என்று குறிக்கிறது. யாரிடம் கேட்பது என்றும் அதற்குத் தெரியாது, ஆகவே 255.255.255.255 என்று, அதாவது அந்த வலையில் உள்ள அனைவரையும் நோக்கிக் கூப்பிடுகிறது.

இவ்வுரையாடலின் இலக்கணத்தில் ஒரு குறை உண்டு. மறுப்புச் சொல் மூன்றாம் கூற்றுக்குப் பின்னரே வர இயலும். முதற்கேள்விக்கு 'இல்லை' என்று விடை சொல்ல வழியில்லை. தன்னிடம் தருவதற்கு முகவரி இல்லையென்றால் வழங்கி பேசாமல் இருந்துவிடும். கைபேசி சில நொடிகள் பொறுத்து மறுபடி கூப்பிடும். பிறகு இன்னும் சற்று நேரம் விட்டுக் கூப்பிடும்.

மௌனத்துக்குப் பொருள் என்ன என்பது உரையாடல் ஆய்வின் பழைய கேள்வி. இமானுவேல் ஷெக்லாஃப் 1968இல் வெளியிட்ட கட்டுரையில், தொலைபேசி உரையாடல்கள் எப்படித் தொடங்குகின்றன என்று ஆராய்ந்தார். ஏறத்தாழ 500 தொடக்கங்களில் ஒன்றே ஒன்று அவர் முதலில் வகுத்த விதிக்குப் பொருந்தவில்லை. அழைப்பை எடுத்தவர் பேசாமல் இருக்க, அழைத்தவரே முதலில் பேச வேண்டியதாயிற்று. அந்த ஒன்றை விதிவிலக்கு என்று ஒதுக்காமல், விதியையே அவர் திருத்தி எழுதினார். தொலைபேசி மணியே ஓர் அழைப்பு. 'ஹலோ' அதற்கு விடை. விடை வராதபோது அந்த இன்மையே ஒரு செய்தியாகிறது. மணி அடித்து யாரும் எடுக்காவிட்டால், 'வீட்டில் ஆள் இல்லை' என்று முடிவு செய்கிறோமே, அதுபோல.

கருவிகளும் அப்படியே முடிவு செய்கின்றன. விண்டோஸ் மடிக்கணினி விடை வராத நிலையில் தனக்குத் தானே 169.254 என்று தொடங்கும் முகவரி ஒன்றைச் சூட்டிக்கொள்ளும். அந்த முகவரியைக் கொண்டு அதே வலையில் அதே வகை முகவரியோடு உள்ள அண்டைக் கருவியுடன் பேசலாம். வெளியுலகுக்குப் போக முடியாது. ஒரு கணினியில் 169.254 தென்பட்டால், 'கூப்பிட்டேன், யாரும் விடை சொல்லவில்லை' என்று அது கூறுவதாகக் கொள்ள வேண்டும். ஆண்ட்ராய்டு கைபேசி அப்படித் தானே சூட்டிக்கொள்ளாது, இணைப்பையே கைவிட்டுவிடும். இரண்டிலும் பயனருக்குத் தெரிவது தன் கருவியின் தோல்வி மட்டுமே. மறுமுனையின் மௌனம் அவர் கண்ணுக்குப் படுவதில்லை.

இளைஞர் தன் மடிக்கணினியை ரூட்டரில் கம்பி வழியாகச் செருகி, வலையில் செல்லும் செய்திகளைக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருளைத் திறந்தார். டிஎச்சிபி செய்திகளை மட்டும் வடிகட்டினார். அந்தப் பெண்ணைக் கைபேசியில் மறுபடி இணையச் சொன்னார். முதற்கூற்று திரையில் வந்தது. சில நொடிகளில் மீண்டும் வந்தது. மூன்றாம் முறையும் வந்தது. விடை வரவேயில்லை.

இந்த ஒரு சோதனை பல ஐயங்களை நீக்கிவிடும். கேள்வியே வந்து சேரவில்லையென்றால் கோளாறு அலைவழியிலோ, இடையில் உள்ள சுவிட்சிலோ இருக்கும். பெரிய வளாகங்களில் அந்த வைஃபைக்குரிய வீலான் இடையில் எங்கோ அனுமதிக்கப்படாமல் விடுபட்டிருக்கலாம். விடை புறப்பட்டும் கைபேசியை அடையவில்லையென்றால் அலைவழியின் திரும்பு பாதையைப் பார்க்க வேண்டும். இரண்டு வெவ்வேறு இடங்களிலிருந்து விடை வந்தால், யாரோ தம் பழைய ரூட்டரைக் கொண்டுவந்து அதே வலையில் செருகியிருக்கிறார்கள். முகவரி கிடைக்கும், இணையம் கிடைக்காது. இங்கே கேள்வி தெளிவாக வந்து சேர்ந்தது, விடை எழவேயில்லை. பழைய கைபேசி தன் கடமையைச் சரியாகவே செய்துகொண்டிருந்தது.

மணி ஒன்பதைத் தாண்டியிருந்தது. விண்ணப்பம் காத்திராது. இளைஞர் அந்தக் கைபேசியின் அமைப்பில் முகவரியைக் கையால் இட்டார்: 192.168.1.230. வெளியே செல்லும் வாயில் 192.168.1.1. அடுத்த நொடியே பக்கம் திறந்தது. அரை மணி நேரத்தில் விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. அலைவழியும் இணைய இணைப்பும் நலம், முகவரி வழங்கும் இடத்தில்தான் தடை என்பதற்கும் அதுவே இரண்டாவது சான்றாயிற்று.

"இப்படியே விட்டுடலாமாண்ணா?" என்று அந்தப் பெண் கேட்டார்.

"வேணாம்மா. நாளைக்கு இதே நம்பரை வேற யாருக்காவது கையால போட்டா ரெண்டு பேருக்கும் அறுந்துடும். வேற ஊர் வைஃபையிலயும் தொந்தரவு பண்ணும்" என்று சொல்லி அதை நீக்கிவிட்டு, அவர் ரூட்டரின் நிர்வாகப் பக்கத்தைத் திறந்தார்.

அங்கே இரண்டு எண்கள் இருந்தன. வழங்கவேண்டிய முகவரிகள்: 192.168.1.100 முதல் 192.168.1.199 வரை. ஆக, நூறு. குத்தகைக் காலம்: 24 மணி நேரம். கீழே, முகவரி பெற்றிருக்கும் கருவிகளின் பட்டியல். அதில் நூறு வரிகளும் நிறைந்திருந்தன. கூடத்தில் இருந்தவர்களோ நாற்பது பேருக்குள்.

தாத்தா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அந்தப் பட்டியலை நெடுநேரம் பார்த்தார். "மிச்ச அறுபது பேரு எங்கே தம்பி?"

"காலைல வந்துட்டுப் போனவங்க தாத்தா. போனாங்கன்னு இதுக்குத் தெரியாது."

அந்த விடை சுரங்கத்தில் இருந்தவருக்கு உடனே விளங்கிவிட்டது. "இது லேம்ப் ரூம் கணக்கு. டோக்கனைக் குடுத்து விளக்கு வாங்கிட்டுக் கீழே போவோம். மேலே வந்தவன் விளக்கைக் குடுத்து டோக்கனைத் திருப்பி வாங்காம வீட்டுக்குப் போயிட்டான்னா, அவன் இன்னும் கீழேதான் இருக்கான்னு கணக்கு. அவன் வீட்ல சாப்பிட்டுட்டு இருப்பான். இங்கே தேட ஆள் போகும்."

டிஎச்சிபியை இதைவிடச் செறிவாக விளக்குவது கடினம். முகவரி யாருக்கும் உடைமையன்று, காலவரையுள்ள குத்தகை. முகவரியைத் திருப்பித் தருவதற்கென்று ஒரு செய்தி வரையறையில் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் கூடத்தைவிட்டு வெளியேறுபவர்களின் கைபேசிகள் பெரும்பாலும் அதை அனுப்புவதில்லை. அலை எட்டாத தொலைவுக்குப் போய்விடுகின்றன, அவ்வளவே. வழங்கியின் பதிவேட்டில் அவர்கள் மறுநாள் அதே நேரம் வரை கூடத்திலேயே இருக்கிறார்கள்.

இதன்பின் எஞ்சியது கூட்டல் கணக்கு. காலையில் ஏறத்தாழ எழுபது கருவிகள். மாலையில் ஐம்பது. மொத்தம் 120, இருப்பதோ நூறு. திங்கட்கிழமை காலை வந்தவர்கள் எழுபதை எடுத்தார்கள். மாலை ஆறு மணிக்கு வந்தவர்கள் மீதி முப்பதை எடுத்தார்கள். எட்டு மணிக்கு ரயிலிலிருந்து இறங்கி வந்த இருபது பேருக்கு ஒன்றுமில்லை. செவ்வாயன்று காலையில் வந்தவர்களின் குத்தகை புதுப்பிக்கப்பட்டது. மாலையில் முதலில் வந்தவர்களுக்கும் அப்படியே. மறுபடியும் அதே இருபது பேர் வெளியே. ஒருமுறை உள்ளே வந்தவர்க்கு இடம் நிலைத்தது. ஒருமுறை விடுபட்டவர் வாரம் முழுதும் விடுபட்டார். ஞாயிறன்று வருகை குறைவு. சனிக்கிழமைக் குத்தகைகள் ஒவ்வொன்றாக முடிந்திருக்கும். பழைய கைபேசிகளுக்கும் இடம் கிடைத்தது.

ஆக, அந்த இருபது பேரை ஒன்றிணைத்தது கைபேசியின் வயதன்று, அவர்கள் வந்து சேரும் நேரம். தொலைவில் வேலை பார்ப்பவர்கள் கடைசியாக வருகிறார்கள். ஊதியம் குறைவாக இருப்பதால் பழைய கைபேசி வைத்திருக்கிறார்கள். இரண்டும் ஒரே காரணத்தின் விளைவுகள். ஒன்றை மற்றொன்றுக்குக் காரணம் என்று கொண்டதால் மூன்று வாரம் வீணாயிற்று. புள்ளியியல் முதற்பாடத்திலேயே எச்சரிக்கப்படும் இந்தப் பிழையை ஆய்வேட்டில் கண்டுபிடிப்பது எளிது. ஒரு கூடத்தில், அதுவும் வசதி குறைந்தவர் மீது பழி எளிதாக ஒட்டிக்கொள்ளும் இடத்தில், கண்டுபிடிப்பது கடினம்.

திருத்தம் ஐந்து நிமிடத்தில் முடிந்தது. குத்தகைக் காலம் 24 மணியிலிருந்து இரண்டு மணியாகக் குறைக்கப்பட்டது. வழங்கும் எல்லை 192.168.1.20 முதல் 192.168.1.239 வரை, அதாவது 220 முகவரிகளாக விரிந்தது. அச்சுப்பொறிக்கும் கண்காணிப்புக் கேமராவுக்கும் நிலையான முகவரிகள் அந்த எல்லைக்கு வெளியே, 240க்கு மேல் ஒதுக்கப்பட்டன. அந்த வலையில் இயல்பாகவே 254 முகவரிகளுக்கு இடம் உண்டு. முதலிலிருந்தே பாதிக்கு மேல் யாருக்கும் தரப்படாமல் கிடந்தது.

உலக அளவில் ஐபி முகவரிப் பஞ்சம் உண்மையானது. நான்காம் பதிப்பு முகவரிகள் மொத்தம் ஏறத்தாழ 429 கோடி. அவற்றின் மையக் கையிருப்பு 2011 பிப்ரவரி 3இல் முற்றாகப் பங்கிட்டு முடிக்கப்பட்டது. அதே ஆண்டு ஏப்ரலில் ஆசிய பசிபிக் பகுதியின் இருப்பும் இறுதிக் கட்டத்தை எட்டியது. ஆனால் படிப்பகத்தில் இருந்தது அந்தப் பஞ்சமன்று. 192.168 வகை முகவரிகளை எந்த வீடும் எந்த நிறுவனமும் தன் எல்லைக்குள் விருப்பம்போல் பயன்படுத்தலாம். அங்கே இருந்தது பங்கீட்டின் கோளாறு. வீட்டில் நான்கு பேருக்கென வகுக்கப்பட்ட அமைப்பை நூற்றிருபது பேர் வந்துபோகும் கூடத்தில் யாரும் மாற்றிப் பார்க்கவில்லை. வீட்டில் ஒரு நாள் குத்தகை தவறன்று. வந்துபோவோர் மிகுந்த இடத்தில் அது பூட்டாகிவிடுகிறது.

தங்கவயலுக்குப் பதிவேடுகளின் அருமையும் கொடுமையும் புதியவையல்ல. இவ்வூரின் சுரங்கங்களில் தமிழ் பேசும் தொழிலாளரே, அவர்களிலும் தலித் மக்களே, மிகுதியாக உழைத்தார்கள். 1930இல் அவர்கள் நடத்திய பெரும் வேலைநிறுத்தம் விரல்ரேகையுடன் கூடிய பதிவு முறைக்கு எதிராக எழுந்தது. இவ்வரலாற்றை ஜானகி நாயர் தம் ஆய்வுகளில் விரிவாக எழுதியுள்ளார். தம்மைக் கண்காணிக்க ஒரு பதிவேடு திறக்கப்படுவதை அத்தொழிலாளர் எதிர்த்தார்கள். எழுபது ஆண்டுகளுக்குப் பின் சுரங்கம் மூடியபோது சிக்கல் மறுபக்கத்திலிருந்து வந்தது. நிறுவனம் கட்டிய லைன் வீடுகளில் தலைமுறையாக வாழ்ந்தவர்கள், அவ்வீட்டின் மீது தமக்குள்ள உரிமை எந்தப் பதிவேட்டில் இருக்கிறது என்று தேட வேண்டியவர்களானார்கள். தெருவில் எல்லோருக்கும் தெரிந்த வீடு, தபால்காரருக்கும் தெரியும், உரிமைப் பத்திரம் கேட்கும் இடத்தில் மட்டும் செல்லாது. 169.254 என்று தொடங்கும் முகவரியைப் போல.

மனிதரின் வீட்டுரிமைக்கும் ஒரு ரூட்டரின் பட்டியலுக்கும் உள்ள தொலைவு பெரிது. ஐந்து நிமிடத் திருத்தம் முன்னதற்குக் கிடையாது. ஆனால் கேட்டவருக்கு விடை வராதபோது செய்ய வேண்டிய விசாரணை இரண்டிலும் ஒன்றுதான். கேள்வி போய்ச் சேர்ந்ததா? சேர்ந்தது எனில், விடை எழுந்ததா? எழவில்லை எனில், பதிவேட்டில் யார் பெயர்கள் இருக்கின்றன, அவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்? இக்கேள்விகளுக்குப் பிறகே கேட்டவரின் மீது ஐயம் கொள்ளலாம்.

பல்கலைக்கழக விடுதிகளிலும் ஆய்வகங்களிலும் கருத்தரங்குகளிலும் வலையமைப்பைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு இதில் உடனே செய்யத்தக்கது ஒன்று உண்டு. அடுத்த முறை யாரேனும் 'முகவரி கிடைக்கவில்லை' என்று வந்தால், அவர் எத்தனை மணிக்கு வந்தார் என்று முதலில் கேளுங்கள். பிறகு வழங்கியின் பட்டியலைத் திறந்து, அதில் உள்ள பெயர்களையும் அறையில் உள்ள ஆட்களையும் எண்ணிப் பாருங்கள். இரண்டு எண்களும் பொருந்தாவிட்டால், கைபேசியை மாற்றச் சொல்லி யாரையும் அனுப்ப வேண்டியதில்லை.